விலையா, வேகமா?

மிக்ஸி வாங்கப் போனால் எத்தனை வாட், எத்தனை ஜார், மோட்டாருக்கு எத்தனை வருஷம் காரண்டி என்று நாம் கேட்காத கேள்வி இல்லை. குக்கர் என்றால் வீட்டில் இருக்கும் தலைகளை எண்ணிப் பார்த்து மூன்று லிட்டரா, ஐந்து லிட்டரா என்று முடிவு செய்வோம். புடவைக் கடையில் முந்தானையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்காமல் பில் போடச் சொல்லுவோமா? அப்படிப்பட்ட நாம் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்", "பையன் பார்த்துப்பான்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று வீட்டுப் பணம் போகிற விஷயத்தில் இப்படி ஒதுங்கி நிற்பது நியாயமா, சொல்லுங்கள்!

நான் இன்ஜினீயர் இல்லை. வீட்டிலேயே மிஷின் போட்டு இருபது வருஷமாகப் பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுப்பவள். ஆனால் துணிக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்துப் பழகிய கை. அந்தக் கணக்கே கம்ப்யூட்டருக்கும் போதும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

2023 ஜூன் மாதம். என் மகள் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பில் இரண்டாம் வருஷம் போகிறாள். குறும்படம் எடுப்பதும், எடுத்ததை வெட்டி ஒட்டி எடிட் செய்வதும்தான் பாடம். காலேஜ் லேபில் நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்றாள். நியாயமான தேவைதான். அந்தச் சமயத்தில் என் தையல் காசில் கட்டி வந்த சீட்டு முடிந்து கையில் 70,000 ரூபாய் வந்திருந்தது.

அதே பணத்துக்கு இன்னொரு தேவையும் வீட்டில் காத்திருந்தது. என் மாமியாருக்கு வயசு எழுபத்தி நாலு. இரண்டு வருஷமாகக் காது மந்தம். குக்கர் விசில் கேட்காது, வாசலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. நாங்கள் எல்லாரும் சிரித்தால் தானும் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். காதைப் பரிசோதித்தவர்கள் மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று சொல்லி, 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

"எனக்கு எதுக்கும்மா இனிமே காது மிஷினு? பிள்ளை படிப்பைப் பாரு" என்று அவர் சொல்லிவிட்டார். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"70,000 இருக்கே, ரெண்டையும் பார்த்துடலாம்" என்றார் என் கணவர்.

பார்க்கலாம்தான். ஆனால் ரிச்சி தெருவுக்குப் போய் விலை கேட்டபோது அல்லவா விஷயம் புரிந்தது!

சென்னையில் மவுண்ட் ரோடு பக்கம் உள்ள ரிச்சி தெருவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் அத்தனையும் அந்தத் தெருவிலும் அதன் சந்துகளிலும் கிடைக்கும். முதல் கடையில், "எடிட்டிங்கா? அப்ப ஐ7 பிராசசர்தாம்மா. அதுக்குக் கீழே எடுத்தா ஆறு மாசத்துல திரும்பி வருவீங்க" என்று சொல்லி, எல்லாம் சேர்த்து 72,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். சீட்டுப் பணம் முழுக்கப் போய், மேலே இரண்டாயிரமும் வேண்டும். பத்துக் கடை தள்ளி இன்னொரு இடத்தில் ஒரு பலகை: "ஐ7 கம்ப்யூட்டர், மானிட்டருடன் 16,000."

ஒரே தெரு, ஒரே பெயர். ஒன்று எழுபத்திரண்டாயிரம், இன்னொன்று பதினாறாயிரம். இது எப்படி?

என் அக்கா மகன் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். "ஏண்டா, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இங்கிலீஷ்ல மிரட்டாதே" என்றேன்.

"சித்தி, உங்க சமையலறையை நினைச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிராசசர் என்பது சமையல் செய்கிற ஆள். அதில் 'கோர்' என்று சொல்கிறார்களே, அது எத்தனை பேர் சமைக்கிறார்கள் என்ற கணக்கு. நாலு கோர் என்றால் நாலு பேர். 'கிகாஹெர்ட்ஸ்' என்பது கை எத்தனை வேகமாக ஓடுகிறது என்பது. 'கேஷ்' என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி. 'ராம்' என்பது சமையல் மேடை; மேடை சின்னதானால் எத்தனை ஆள் நின்றாலும் இடிபாடுதான். சாமான் வைக்கும் ஸ்டோர் ரூம்தான் ஹார்ட் டிஸ்க். அதையே நல்ல வேகத்தில் தருவது எஸ்.எஸ்.டி.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. கல்யாணத்துக்குக் காய் நறுக்க வேண்டுமானால் எட்டுப் பேர் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும். ஆனால் இட்லி மாவு புளிக்கிற நேரத்தை எட்டுப் பேர் சுற்றி நின்றாலும் குறைக்க முடியுமா? கம்ப்யூட்டர் வேலையும் அப்படித்தான். வீடியோவை முடித்து எடுப்பது போன்ற வேலையைப் பல கோர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். கடிதம் அடிப்பது, பாங்க் கணக்குப் பார்ப்பது, பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பு கேட்பது போன்றவற்றுக்கு அதிக ஆள் தேவையே இல்லை. எட்டு கோர் வாங்கி இந்த வேலைகளை மட்டும் செய்தால் பாதிக்கு மேல் சும்மா நிற்கும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நாம் கூலி கொடுத்திருக்கிறோம்!

அடுத்தது, அந்தப் பதினாறாயிரம் ரூபாய் ரகசியம். பிராசசரின் முழுப் பெயரை எழுதி வாங்கிப் பார்க்கவேண்டும் என்றான். அந்தக் கடையில் இருந்தது ஐ7-4770. கோடு போட்டு வரும் நாலு இலக்கத்தில் முதல் எண் 4. அதாவது நான்காவது தலைமுறை. 2013ல் வந்த சரக்கு. ஏதோ ஆபீசில் ஓடிக் கழிக்கப்பட்டது. புதிய ஐ3-12100ல் ஐந்து இலக்கம்; முதல் இரண்டும் சேர்ந்து 12, பன்னிரண்டாவது தலைமுறை. 2022 ஜனவரியில் வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், பழைய ஐ7லும் நாலு கோர்தான், புதிய ஐ3யிலும் நாலு கோர்தான். ஒரே எண்ணிக்கை ஆள். ஆனால் ஒருவர் விறகடுப்பில் சமைக்கிறார், மற்றவர் காஸ் அடுப்பில். புதிய ஐ3, பழைய ஐ7ஐத் தாராளமாக முந்திவிடும்.

பழையதில் இன்னொரு தொல்லையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை முதல் வந்தவற்றையும், ஏ.எம்.டி. ரைசன் என்றால் 2000 வரிசை முதல் வந்தவற்றையும்தான் ஏற்கும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே, மலிவு என்று பழைய தலைமுறையை எடுத்தால், பாங்க் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்புப் பூட்டு இல்லாமல் போகும். பெயரில் இருக்கும் 7ஐப் பார்த்து மயங்கக்கூடாது என்பது இதனால்தான்.

நாலு பேர் செய்யும் வேலைக்கு முன்பு ஐ7 விலை கொடுத்தார்களே, இப்போது ஐ3யிலேயே எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த வகைப் பிராசசர் செய்பவர்கள் முக்கியமாக இரண்டே கம்பெனிகள். ஒன்று 1968ல் தொடங்கிய இன்டெல். மற்றது 1969ல் தொடங்கிய ஏ.எம்.டி. இரண்டும் அமெரிக்காவில் பிறந்தவை. வெகு காலம் இன்டெலின் கை ஓங்கி இருந்தது. சாதாரண டெஸ்க்டாப்புக்கு நாலு கோருக்கு மேல் அது கொடுக்கவில்லை. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. எட்டு கோர் கொண்ட ரைசனைக் கொண்டுவந்தது. அதே வருஷம் அக்டோபரில் இன்டெலும் ஐ5, ஐ7களில் ஆறு கோர் கொடுத்து, ஐ3யை நாலு கோராக்கியது. தெருவில் ஒரே ஒரு காய்கறிக் கடை இருந்தபோது கொசுறு கேட்டால் முறைத்தவர், எதிரில் இன்னொரு கடை வந்ததும் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் தானாகவே பையில் போட்ட கதைதான்! ஆகவே வாங்கும்போது இரண்டு கம்பெனி விலையையும் கேட்க வேண்டும். ஒன்றிலேயே பிடிவாதமாக நிற்பது நமக்கு நஷ்டம்.

சரி, ஐ3யா, ஐ5ஆ, ஐ7ஆ? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மகளின் சிநேகிதிகள் ஒன்று சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் நான் என் தையல் புத்தியை உபயோகித்தேன். புது மிஷின் வாங்குவதானால் என் துணியை, என் நூலில் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குவேன்?

"உன் படம் ஒண்ணை பென் டிரைவ்ல போட்டுக்கோ. உன் சிநேகிதிகள் வீட்டுல எந்த எந்த பிராசசர் இருக்குன்னு கேளு. ஒரே படத்தை மூணு வீட்டுலயும் முடிச்சு, எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு எழுதிட்டு வா" என்றேன்.

மகள் முதலில் சிணுங்கினாள். பிறகு அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. அக்கா மகனும் கூடப் போய், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி அமைத்து, பிராசசர் மட்டுமே உழைக்கும்படி செய்து கடிகாரம் பார்த்தான். மூன்று வீட்டிலும் 16 ஜி.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தன. மூன்றுமே பன்னிரண்டாவது தலைமுறை.

ஐ3-12100, நாலு கோர்: 9 நிமிஷம்.
ஐ5-12400, ஆறு கோர்: 6 நிமிஷம்.
ஐ7-12700, பன்னிரண்டு கோர்: 4 நிமிஷம்.

அன்றைக்கு எங்களுக்குச் சொன்ன விலை, வரிசையாக 11,000, 16,000, 29,000. இனி கணக்கைப் போடுங்கள். ஐ3யிலிருந்து ஐ5க்குப் போக 5,000 ரூபாய் கூட. மிச்சமாவது 3 நிமிஷம். நிமிஷத்துக்குச் சுமார் 1,670 ரூபாய். ஐ5லிருந்து ஐ7க்குப் போக 13,000 ரூபாய் கூட. மிச்சமாவது 2 நிமிஷம். நிமிஷத்துக்கு 6,500 ரூபாய்! ஒரே தெருவில், ஒரே சாமானுக்கு, முதல் மூன்று நிமிஷம் ஒரு விலை. அடுத்த இரண்டு நிமிஷம் அதைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு விலை.

பன்னிரண்டு கோர் என்றால் ஆறு கோரைவிட இரண்டு மடங்கு வேகம் இருக்கவேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தப் பன்னிரண்டில் எட்டுத்தான் பெரிய ஆள். மீதி நாலும் குறைந்த மின்சாரத்தில் சின்ன வேலை பார்க்கும் எடுபிடிகள். எண்ணிக்கையை மட்டும் படித்துவிட்டு விலை கொடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் மகளே கவனித்து எழுதி வந்திருந்தாள். படத்தை வெட்டி ஒட்டும்போது, எழுத்துப் போடும்போது, இன்டர்நெட் பார்க்கும்போது, ஐ5க்கும் ஐ7க்கும் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லையாம். கடைசியில் படத்தை முடித்து எடுக்கும் அந்தச் சில நிமிஷங்களில் மட்டும்தான் வித்தியாசம். ஆனால் ஐ3யில் நாலைந்து காட்சிகளை அடுக்கி வைத்ததும் திரை விட்டு விட்டு ஓடியதாம். வாரத்தில் நாலு நாள் எடிட் செய்பவளுக்கு அது தொந்தரவுதான். ஆகவே ஐ3க்கும் ஐ5க்கும் நடுவில் உள்ள 5,000 நியாயமான செலவு. அதற்கு மேலே உள்ள 13,000?

"அம்மா, நான் எக்ஸ்போர்ட் போட்டுட்டு எப்படியும் காபி குடிக்க எழுந்திருப்பேன். ரெண்டு நிமிஷம் கூட ஆனா ஒண்ணும் குடி முழுகாது" என்றாள் மகள். அவள் வாயாலேயே வந்தது எனக்குப் பரம திருப்தி. நாம் மறுத்துச் சொன்னால் மனசில் குறை தங்கிவிடும். அவளே அளந்து பார்த்ததால் குறை இல்லை.

ஐ7 என்றால் 13,000 மட்டும்தான் கூட என்று நினைத்துவிடாதீர்கள். அதைத் தாங்கும்படி நல்ல போர்டு வேண்டும், அது 5,000 கூட. பெரிய கூலரும் கொஞ்சம் தடித்த பவர் சப்ளையும் வேண்டும், அது 2,500. ஆக வித்தியாசம் 20,500. கல்யாணப் புடவை எடுத்தால் பிளவுஸ், ஃபால்ஸ், உள்பாவாடை என்று செலவு கூடவே வருமே, அதுபோல.

கூலர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஐ5-12400, ஐ7-12700 இரண்டு பெட்டியிலும் 65 வாட் என்றே கணக்குச் சொல்வார்கள். அது நிதானமாக ஓடும்போது. முழு மூச்சாக உழைக்கும்போது ஐ5 117 வாட் வரையும், ஐ7 180 வாட் வரையும் இழுக்கலாம் என்று இன்டெலே அறிவித்திருக்கிறது. இதனால் கரண்டு பில் பெரிதாக ஏறிவிடாது. தினம் இரண்டு மணி நேரம் அப்படி ஓடினால்கூட இரண்டு மாசத்துக்கு ஏழெட்டு யூனிட்தான் வித்தியாசம். கவலை சூட்டில்தான். ஏசி இல்லாத அறை, சென்னையின் மே மாசம், கூலரும் சிறியது என்றால், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்தது ஐ7 விலை. கிடைப்பது ஐ5 வேகம். பார்த்தீர்களா வேடிக்கையை!

ஏ.எம்.டி. பக்கமும் விசாரிக்காமல் விடவில்லை. ரைசன் 5 5600ஜி என்று ஒன்று, ஆறு கோர், 12,500 சொன்னார்கள். அதற்கான போர்டும் மலிவு. எடிட்டிங் அத்தனை முக்கியம் இல்லாத வீட்டுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மகளின் மென்பொருளுக்கு இன்டெலின் உள்ளே இருக்கும் படக் கருவி வீடியோவைக் கையாள நன்றாகக் கைகொடுக்கிறது என்பதால் நாங்கள் ஐ5 பக்கம் சாய்ந்தோம். ஏ.எம்.டி.யின் அதைவிடப் புதிய 7000 வரிசைக்கு ஏ.எம்.5 என்ற போர்டும் டி.டி.ஆர்.5 ராமும்தான் பொருந்தும். அவை இரண்டும் அன்றைக்கு விலை கூட. பிராசசர் விலையைத் தனியாகப் பார்க்காமல் போர்டு, ராம் இரண்டையும் கூட்டிப் பார்க்கவேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

வாங்கும்போது இன்னொரு கடையில், "அம்மா, இதே ஐ5, 12400எஃப் இருக்கு. 1,500 கம்மி" என்றார்கள். ஒரே ஓர் எழுத்துத்தானே என்று தோன்றும். அந்த 'எஃப்' எழுத்துக்கு அர்த்தம், உள்ளே படக் கருவி கிடையாது என்பது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. 1,500 மிச்சம் பிடித்து, பல ஆயிரத்துக்குக் கார்டு வாங்கவேண்டி வரும். கிராபிக்ஸ் கார்டு எப்படியும் போடப் போகிறவர்களுக்கு மட்டும் 'எஃப்' லாபம். 'கே' என்று முடிந்தால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ள வசதி உள்ளது. விலையும் கூட, பெட்டியில் கூலரும் இருக்காது. வீட்டு உபயோகத்துக்கு அது தேவையில்லை.

"டிரே பீஸ் எடுத்துக்கோங்க, இன்னும் குறையும்" என்றும் சொல்வார்கள். டிரே என்றால் பெட்டியில்லாமல் வரும் சரக்கு, கூலர் இருக்காது, ஏதாவது ஆனால் கம்பெனியிடம் நேரே கேட்க வழி இல்லை, விற்றவரைத்தான் தேடிப் போகவேண்டும். சீல் பிரிக்காத பெட்டியில் வாங்கினால் மூன்று வருஷ வாரண்டி. பெட்டியின் மேல் உள்ள எண்ணும் உள்ளே பிராசசர் முதுகில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று என் கண்ணெதிரில் காட்டச் சொன்னேன். பில் இல்லாமல் கொடுத்தால் குறையும் என்ற பேச்சுக்கும் நான் இடம் கொடுக்கவில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி. கசக்கத்தான் செய்கிறது, ஆனால் வாரண்டி கேட்கப் போகும்போது பில்தான் பேசும்.

கடைசியில் எங்கள் பட்டியல் இப்படி அமைந்தது. ஐ5-12400 பிராசசர் 16,000; போர்டு 7,000; 16 ஜி.பி. ராம் 3,500, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 3,000, படங்களைச் சேர்த்து வைக்க 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் 3,500, கேபினட்டும் பவர் சப்ளையும் 5,000, 24 அங்குல மானிட்டர் 9,500, கீபோர்டு, மவுஸ் 1,000, யு.பி.எஸ். 3,000. மொத்தம் 51,500 ரூபாய்.

ராமைக் குறைத்து ஐ7 வாங்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. மேடை இல்லாத சமையலறைக்குப் பெரிய சமையல்காரரா? 8 ஜி.பி. ராமோடு இருக்கும் ஐ7ஐவிட 16 ஜி.பி.யோடு இருக்கும் ஐ5 எடிட்டிங்குக்குச் சௌகரியம். மானிட்டரிலும் நான் கையைக் கட்டவில்லை. மணிக்கணக்கில் பிள்ளை பார்க்கப் போவது அதைத்தான். கண் கெட்டால் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வைத்தோம். முதுகு சாயும் நாற்காலி வீட்டிலேயே இருந்தது.

எழுபதாயிரத்தில் மீதி 18,500. அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே மாமியாரை அழைத்துக்கொண்டு போனேன். "வேண்டாம், வேண்டாம்" என்று படி ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மிஷினை வைத்து, அளவு சரிபார்த்து, மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது சட்டென்று திரும்பினார். வெளியே வந்ததும், "இந்தத் தெருவுல இவ்வளவு சத்தமா இருக்கு?" என்று கேட்டார். இரண்டு மூன்று வாரம் தலை வலிக்கிறது, பாத்திரச் சத்தம் காதைக் குத்துகிறது என்று கழற்றி வைத்தார். மறுபடி போய் அளவைக் குறைத்து வைத்தபின் பழகிவிட்டது. இப்போது பேத்தி எடுக்கும் குறும்படத்துக்கு முதல் ரசிகை அவர்தான். "அந்தப் பொண்ணு பேசறது காதுல விழல, கூட்டி வை" என்று குற்றம் கூடக் கண்டுபிடிக்கிறார்!

வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் ஒரு தொந்தரவும் தரவில்லை. மகள் 2025ல் படிப்பை முடித்துவிட்டாள். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறாள். முகூர்த்த மாசத்தில் இரண்டு மூன்று மணி நேர வீடியோக்கள் வரிசையில் நிற்கின்றன. இப்போது அவள், "அம்மா, அதே போர்டுல பதிமூணு, பதினாலாவது தலைமுறையும் பொருந்துமாம். கொஞ்சம் பெரிய பிராசசர் போடட்டுமா?" என்று கேட்கிறாள். அந்தப் போர்டு பெரிய பிராசசரை முழு வேகத்தில் தாங்குமா என்று முதலில் அண்ணனிடம் கேட்டுக்கொள், பிறகு தாராளமாகப் போடு என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு வேண்டாம் என்றவள் இன்றைக்கு ஏன் சரி என்கிறேன்? தராசு அதேதான், தட்டில் இருப்பது மாறிவிட்டது. அன்றைக்கு மிச்சமானது வாரத்துக்குச் சில நிமிஷம். அதுவும் காபி நேரம். இன்றைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் மிச்சமானால், அந்த நேரத்தில் இன்னொரு ஆர்டர் முடியும். நாள் ஒன்றுக்கு இரண்டு பிளவுஸ் தைப்பவளுக்குக் காலால் மிதிக்கும் மிஷின் போதும். இருபது தைப்பவளுக்குப் பவர் மிஷின் ஆடம்பரம் அல்ல, முதலீடு.

நான் சொன்ன விலைகள் 2023ஆம் வருஷத்தவை. அவற்றை அப்படியே நம்பிக் கடைக்குப் போய்விடாதீர்கள். 2025ன் கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. இன்றைக்குக் கணக்குப் போட்டால் ராமுக்குக் கூடுதலாக எடுத்து வைக்கவேண்டும். பெயர்களும் மாறுகின்றன. 2024 அக்டோபரில் வந்த இன்டெலின் புது டெஸ்க்டாப் வரிசையில் 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு 'கோர் அல்ட்ரா 5, 7, 9' என்கிறார்கள். பெயரும் விலையும் மாறட்டும். கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கம்ப்யூட்டரால் தினமும் நடக்கப் போகும் வேலை என்ன? பாடம், பாங்க், சினிமா, கணக்கு வழக்கு என்றால் புதிய தலைமுறையின் சின்ன பிராசசரே போதும். படம், வீடியோ என்றால் நடுத்தரம். வருமானத்துக்கு ஓடப் போகிறது என்றால் பெரியது. முழுப் பெயர் என்ன, எந்தத் தலைமுறை, கடைசி எழுத்து என்ன? போர்டு, ராம், கூலர் சேர்த்து மொத்தம் எவ்வளவு? கூடக் கொடுக்கும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் எத்தனை நிமிஷம் மிச்சம்? பில் உண்டா, பெட்டி உண்டா?

கடைசியாக ஒன்று, இதைக் கடைக்காரரிடம் கேட்க முடியாது. நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பணத்தை இங்கே கொடுத்தால், வீட்டில் வேறு யாருடைய தேவை தள்ளிப் போகிறது? வேகத்துக்குக் கொடுக்கும் விலையில் அதுவும் சேர்ந்ததுதான், சகோதரிகளே. அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தால், ஐ3 வாங்கினாலும் சரி, ஐ7 வாங்கினாலும் சரி, வாங்கின பிறகு மனசு நிம்மதியாக இருக்கும்.